நாற்பதடி ஜெயவேலு

1986 தீபாவளியன்று காலை ஒன்பது மணிக்கு, மேற்குத் தாம்பரம் பொன்மணி டாக்கீஸ் வாசலில் நின்ற நடிகர் ஜெயவேலுவின் நாற்பதடி கட்-அவுட்டுக்கு ரசிகர்கள் ஊற்றிய பால், பத்து கிலோமீட்டர் தள்ளிக் கீழ்க்கட்டளையில் தன் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெயவேலுவின் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. மொத்தம் ஆறு லிட்டர். நாலரை லிட்டரை அவர் அங்கேயே வாந்தி எடுத்தார், மீதி தங்கிவிட்டது. அவருடைய மனைவி தபீதாள் கல்யாணத்துக்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் தாம்பரத்தில் நர்சாக இருந்தவள். வாந்தியைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவாள் என்று பெயர். அவள் குனிந்து பார்த்துவிட்டு, இது காய்ச்சாத பச்சைப் பால் என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் பால் பாக்கெட்டே உடைக்கவில்லை. “என்னங்க, எங்க போய் இவ்வளவு பாலைக் குடிச்சீங்க?” என்று கேட்டாள். “நான் இன்னா கன்னுக்குட்டியா தபி?” என்றார் ஜெயவேலு. அதோடு அன்றைய பேச்சு முடிந்தது, வீட்டுக்குப் பட்டாசு வந்தது.

ஜெயவேலு கீழ்க்கட்டளைக்காரர்தான். கல் குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றியவர், 1979-ல் கதாநாயகன் ஆனார், எப்படி ஆனார் என்பதற்கு ஊரில் ஏழு கதை இருக்கிறது, ஏழும் பொய். ஆனால் அவர் தொண்டையைத் திறந்து வசனம் பேசினால் தியேட்டர் ஓட்டில் புறா தங்காது என்பது பொய்யில்லை, நாங்களெல்லாம் பார்த்திருக்கிறோம். அந்தத் தீபாவளிப் படம் தாம்பரத்தில் இருநூறு நாள் ஓடியது. ஓடி முடிந்த பிறகும் கட்-அவுட்டைக் கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை. அடுத்த படத்துக்கு முகத்தையும் வசனம் பேசத் திறந்த வாயையும் அப்படியே விட்டுவிட்டு, உடுப்பை மட்டும் மாற்றி வரைந்தார் பெயிண்டர் ஏசுபாதம். போலீஸ் உடுப்பு, வக்கீல் கோட்டு, மாட்டுக்காரன் வேட்டி, எல்லாம் அந்த ஒரே பலகைமேல்தான் ஏறி இறங்கின. மதுரையிலும் சேலத்திலும்கூடக் கட்-அவுட்டுகள் இருந்தன, பாலும் ஊற்றினார்கள். அந்தப் பால் தரையில்தான் போயிற்று. தாம்பரத்தில் ஊற்றியது மட்டும் ஏன் அவர் வயிற்றுக்குப் போனது என்று கேட்டால் பதில் கிடையாது. ஆடி மாதத்தில் காற்று ஏன் அடிக்கிறது என்று கேட்பதில்லை அல்லவா, அப்படித்தான்.

அந்தக் கட்-அவுட்டுக்கு மூன்றாவது படம் வெளியான அன்று தபீதாள் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாள். பிறகு ரசிகர் மன்றத்தாரிடம் எத்தனை மணிக்கு, எத்தனை கேன் என்று பேச்சுவாக்கில் விசாரித்தாள். கணக்கு சரியாக இருந்தது. அவள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. “பச்சைப் பால் ஊத்துனா ஈ மொய்க்குது. இனிமே காய்ச்சி ஆற வெச்சு, ரெண்டு லிட்டரோட நிறுத்திக்குங்கப்பா” என்று சொல்லியனுப்பினாள். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அண்ணி சொல்லிவிட்டார்கள் என்று அவர்களும் ஸ்டவ் வைத்துக் காய்ச்சி ஊற்றினார்கள். அதன் பிறகு படம் வெளியாகும் நாளில் ஜெயவேலு காலைச் சாப்பாடு சாப்பிடுவதில்லை.

பால் பிரச்சினை அப்படித் தீர்ந்தது. பிராந்திதான் தீரவில்லை. ஜெயவேலுவின் குடி எல்லார் குடியையும் போலத்தான் தொடங்கியது. வெளியூர்ப் படப்பிடிப்பில் குளிருக்கு ஒரு மூடி, சண்டைக் காட்சியில் விழுந்த வலிக்கு ஒரு கிளாஸ், படம் ஓடினால் சந்தோஷத்துக்கு, ஓடாவிட்டால் துக்கத்துக்கு. பிறகு இளநீரைச் சீவி அதற்குள் ஊற்றிப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோகிற நிலை வந்தது. 1990-ல் அரை பாட்டில் உள்ளே போகாமல் அவர் கை நடுக்கம் நிற்காது என்று ஆயிற்று. காமிராக்காரர்கள் கழுத்துக்கு மேல் மட்டும் படம் பிடித்தார்கள். பத்திரிகைகள் விஷக்காய்ச்சல் என்று எழுதின. தாம்பரத்து ஒயின்ஸ் கடைகளில் நின்று குடிப்பவர்களுக்கு உண்மை தெரியும், தெரிந்ததில் பெருமையும் உண்டு. இவ்வளவு பெரிய மனுஷன், அவரும் நம்மை மாதிரி மிக்சர் கடித்துக்கொண்டுதான் குடிக்கிறார் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள்.

1991 சித்திரையில் டாக்டர் அசரியா வந்தார். தபீதாள் நர்சாக இருந்த காலத்திலிருந்து அவளுக்குத் தெரிந்தவர், வாயில் சர்க்கரை தடவிப் பேசுகிற பழக்கம் இல்லாதவர். ஜெயவேலுவின் வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். “சார், உங்க ஈரல் கல்லாட்டம் இருக்கு. குடியை இத்தோட விட்டா பிழைப்பீங்க. விடலைன்னா அடுத்த தடவை நான் பெட்டியோட வரமாட்டேன், மாலையோடதான் வருவேன்” என்றார். தபீதாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது, கூடப் பிறந்தவர்கள் ஒரு இந்துவைக் கட்டிக்கொண்டதற்காக அன்றே கைகழுவிவிட்டார்கள். இருப்பது இந்த ஆள் ஒருவர்தான், இந்த ஆளைக் கல்லறைக்கு விடுவதில்லை என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

கேளம்பாக்கத்தில் உப்பளத்தை ஒட்டி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அவரை அங்கே கொண்டுபோய் உள்ளே விட்டுப் பூட்டி, தானும் உள்ளேயே இருந்தாள். நாற்பது நாள். முதல் வாரம் சுவரில் கட்டெறும்பு ஊர்கிறது என்று அவர் நகத்தால் சுண்ணாம்பைப் பிறாண்டினார், எறும்பு ஒன்றுகூட இல்லை. இரண்டாவது வாரம் அவள் மணிக்கட்டைக் கடித்தார். மூன்றாவது வாரம் பச்சைக் குழந்தை மாதிரி அழுதார். ஐந்தாவது வாரம் ரசம் சாதம் கேட்டார். ஆனியில் வீடு திரும்பும்போது தானே நடந்து வந்தார், கை நடுங்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன், அந்த மனுஷன் சத்தியமாகக் குடியை விட்டார். அந்த ஆறு மாதம்தான் என் கல்யாண வாழ்க்கை என்று தபீதாள் பிற்பாடு சொன்னதுண்டு.

குடிக்காத ஜெயவேலு நடித்த முதல் படம் பதினோரு நாள் ஓடியது. வசனத்தை பாங்கு குமாஸ்தா மாதிரி ஒப்பித்தார், கண்ணில் அந்த மினுக்கு இல்லை. தாம்பரம் ரசிகர் மன்றத் தலைவர் சிட்டிபாபுவுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. இரும்புலியூர்க்காரர், மறைமலை நகரில் ஒரு பட்டறையில் ஷிப்ட் வேலை, இருபத்தெட்டு வயசு. அவர்கள் வீட்டுக் குலசாமி பனைமரத்தடி முனீஸ்வரன். முனீஸ்வரனுக்கு ஆடியில் சாராயமும் சுருட்டும் படைப்பார்கள், ஒரு வருஷம் தவறினாலும் சாமி சுணங்கிப் போகும், வீட்டில் ஆடு மாடு படுத்துவிடும். அப்படி வளர்ந்த ஆள் யோசித்ததில் தப்பே கிடையாது, அதுதான் கொடுமை. மன்றத்தில் எழுந்து நின்று சொன்னார்: “சாமிக்கு இன்னா புடிக்குமோ அத்த தான்டா படைக்கணும். அண்ணனுக்குப் பாலா புடிக்கும்? அஞ்சு வருசமா புடிக்காதத ஊத்திகினு கீறோம். அப்பறம் அண்ணன் மொகத்துல எங்கேர்ந்து களை வரும்?” கூட்டம் கைதட்டியது.

1992 பொங்கலன்று அடுத்த படம் வந்தது. சிட்டிபாபு சாரத்தில் ஏறி, கட்-அவுட்டின் வாய்க்கு நேராக ஒரு ஆஃப் பாட்டில் பிராந்தியை சோடா கலந்து ஊற்றினார். ராவாக ஊற்றினால் அண்ணனுக்கு வயிறு எரியும் என்று அவரே ஒரு சொம்பில் கலந்து கொண்டுபோயிருந்தார். கீழ்க்கட்டளையில் ஜெயவேலு கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். கரும்பு கையிலிருந்து நழுவியது, முகம் மலர்ந்தது, அப்படியே சுவரில் சாய்ந்தார். தபீதாளுக்கு நாற்றம் மூக்கில் ஏறியது. “தொடல தபி. உங்க ஏசு மேல சத்தியம், எங்க முருகன் மேல சத்தியம். தொடவே இல்ல” என்றார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள், பத்து வருஷம் அந்தப் பேச்சைக் கேட்டவள் எப்படி நம்புவாள்? அரிசி டிரம்மில் கைவிட்டுத் துழாவினாள், கக்கூஸ் தொட்டியைத் திறந்து பார்த்தாள், ஒன்றும் அகப்படாத ஆத்திரத்தில் அவர் கன்னத்தில் அறைந்தாள். அவர் வாழ்க்கையில் உண்மை பேசிய அன்றைக்குத்தான் அந்த அறை விழுந்தது. தாம்பரத்தில் ஊற்றுவது தினமும் நடந்தது. மூன்றாம் நாள், அவர் இரண்டு கையையும் தன் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே, மூடிய வாய்க்குள்ளிருந்து வாடை வந்தது. அப்போதுதான் அவளுக்குப் பழைய பால் நினைவுக்கு வந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெயவேலு அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். “சோடா போட்டுத்தான் ஊத்திகீறான். எவனோ நல்ல மனசுக்காரன்” என்றார். அவர் நாக்கு உதட்டை ஒருமுறை சுற்றிவந்ததை அவள் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

மறுநாள் மாட்னிக்கு முன்னால் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் போனாள். வாசலில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். அவ்வளவு பேர் முன்னிலையிலும் சிட்டிபாபுவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். இங்கே ஊற்றுவது அங்கே அவர் வயிற்றுக்குப் போகிறது, அது அவருக்கு விஷம், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், நிறுத்துங்கள். அவள் செய்த ஒரே தப்பு இதுதான். சிட்டிபாபு அவள் கிட்டே வந்தார். “நெஜமாவா அண்ணி? நான் ஊத்தனத அண்ணன் குடிச்சாரா? என் கையால ஊத்தனதையா?” என்று கேட்டவர், ரோட்டிலேயே மண்டி போட்டுவிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சுற்றி நின்றவர்கள் விசில் அடித்தார்கள். விஷம் என்ற சொல் யார் காதிலும் விழவில்லை. அண்ணன் குடிக்கிறார் என்பது மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மாசி முடிவதற்குள் செய்தி ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கப் பரவிவிட்டது. மறைமலை நகரில் ஷிப்ட் முடிந்தவர்கள் லாரி பிடித்து வந்தார்கள். பல்லாவரத்துத் தோல் பதனிடுகிறவர்கள் கூட்டமாக வந்தார்கள். ரிட்டையரான பட்டாளத்துக்காரர்கள் கேன்டீன் ரம்மோடு வந்தார்கள். தனியாகக் குடிக்கப் பிடிக்காதவன் எவனாக இருந்தாலும் ஒரு குவார்ட்டரோடு வந்து, பாதியை அண்ணனுக்கு ஊற்றச் சொல்லிவிட்டு மீதியைத் தான் குடித்தான். பெண்ணுக்கு வரன் அமைந்தால் ஒரு ஃபுல் என்று நேர்ந்துகொண்டவர்கள் உண்டு, அமைந்தும் இருக்கிறது. கீழ்க்கட்டளையில் ஜெயவேலு காலை பத்து மணிக்குத் தள்ளாட ஆரம்பித்து மாட்னி விடும்போது நினைவிழந்தார். தபீதாள் அவர் வாய் வாடையை முகர்ந்தே இது பிராந்தி, இது ரம், இது பட்டாளத்துக்காரர் ஊற்றியது என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். கோபத்தில் அவளுக்குப் பல்லெல்லாம் கூசியது. ஊரே ஒருத்தரை அன்பால் கொல்கிறது, எந்த ஸ்டேஷனில் போய் எழுதி வைப்பது?

கட்-அவுட்டைக் கழற்றிவிடலாம் என்று தியேட்டர் முதலாளி பக்தவச்சலத்தின் காலில் விழாத குறையாகக் கேட்டாள். அவர் நல்லவர், உடனே ஆளை ஏற்றினார். முழங்கால் பக்கத்தில் முதல் போல்ட்டைத் தளர்த்தினார்கள். அதே நிமிஷம் கீழ்க்கட்டளையில் ஜெயவேலுவின் முழங்கால் கழன்று அவர் அலறிக்கொண்டு விழுந்தார். அவரைப் பார்க்க வந்திருந்த டாக்டர் அசரியா போன் போட்டுத் தியேட்டருக்குச் சொல்ல, போல்ட்டைத் திரும்ப முடுக்கினார்கள். கால் பொருந்தியது, ஆனால் அன்றிலிருந்து நொண்டல் போகவில்லை. அதன் பிறகு கழற்றுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வைகாசியில் ஜெயவேலு ரத்த வாந்தி எடுத்தார். தபீதாள் அவர் வாயைத் துடைத்த துண்டைத் துவைக்காமல் அப்படியே கொண்டுபோய்ச் சிட்டிபாபுவின் கையில் கொடுத்தாள். சிட்டிபாபு அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே சாரத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார். வேலையை விட்டுவிட்டார். மன்றத்து ஆட்களை முறை வைத்து நிறுத்தி, காலைக் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை பாட்டிலோடு வருகிறவனையெல்லாம் விரட்டினார். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது, அதில் ஒன்று அவருடைய மச்சான் மண்டை. தீபாவளிக்குள் கூட்டம் ஓய்ந்தது. ஆரம்பித்து வைத்தவனே அடைத்தும் வைத்தான் என்று ஊரில் அவரை மெச்சினார்கள்.

ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் ஜெயவேலு போதையில் வீடு வந்தார். டப்பிங் என்று சொல்லிவிட்டு வெளியே போவார், தபீதாள் வழக்கம்போல் சட்டைப்பையைத் துழாவுவாள், ஒன்றும் இருக்காது. உடம்பு பாதியாகிவிட்டது, கன்னம் ஒட்டி, தலைமுடி கொட்டி, பஸ்ஸில் போனால்கூட யாரும் அடையாளம் கண்டு எழுந்து இடம் கொடுப்பதில்லை. 1993 பங்குனியில் ஒருநாள் அவள் மறுபடி தாம்பரம் போனாள். சிட்டிபாபு மோர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்.

“ஒருத்தனையும் வுடறது இல்ல அண்ணி. ஒரே ஒரு பெருசு மட்டும் வருது. நொண்டிக்கினு வரும். அது அழுவுறதப் பாத்தா மனசு கேக்கல. பொண்டாட்டி சாவக் கெடக்குறாளாம், அண்ணனுக்கு ஒரு குவார்ட்டர் ஊத்துனா பொழைப்பான்னு நேந்துகினானாம். ஒரு உசுரு விசயமாச்சே. அதுக்கு மட்டும் தான் ஊத்தறது.”

“எப்ப வருவாரு?”

“தோ, வர்ற நேரம் தான்.”

தபீதாள் டிக்கெட் கவுண்டருக்குள் போய் நின்றுகொண்டாள். பெருசு வந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வலது காலை இழுத்துக்கொண்டு, மடியிலிருந்து குவார்ட்டரை எடுத்து இரண்டு கையாலும் சிட்டிபாபுவிடம் நீட்டியது. “ரொம்ப முடியாம கீறா தம்பி. இன்னிக்கி ஒருநாள் ஊத்திடு” என்றது. பதினாலு வருஷம் அந்தக் குரலுக்காகச் சட்டையைக் கிழித்துக்கொண்ட சிட்டிபாபுவுக்கு அது யார் குரல் என்று தெரியவில்லை. “அழாத பெருசு, அண்ணன் பாத்துப்பாரு” என்று தோளைத் தட்டிவிட்டுச் சாரத்தில் ஏறினார். மேலே ஊற்ற ஊற்ற, கீழே நாற்பதடி ஜெயவேலுவின் காலடியில் நின்ற ஜெயவேலு கண்ணை மூடிக்கொண்டு தொண்டையை ஏற்றி இறக்கினார். தபீதாளுக்கு அழுகை வரவில்லை. தன்னைச் சாகக் கிடத்திவைத்துக் குடிக்கிறானே பாவி என்று இருந்தது. கூடவே, வெயிலில் செருப்பில்லாமல் நிற்கிறானே என்றும் இருந்தது. அவள் வெளியே வந்து அவர் கையைப் பிடித்தாள். சிட்டிபாபு மேலிருந்து பார்த்தார். அண்ணி பிடித்திருக்கிற கை யாருடையது என்று புரிந்ததும் சொம்பைக் கீழே போட்டுவிட்டார்.

ஆட்டோ பல்லாவரம் வந்தது. ஜெயவேலுதான் பேச்சை எடுத்தார்.

“ஏசுபாதத்தக் கூப்புடு தபி. வாய மூடி வரைஞ்சுடச் சொல்லு.”

“சோறு?”

“நீ நர்சு தானே.”

“பேச்சு போயிடுமேங்க. அந்தக் குரலு...”

“பேசி இன்னாத்தக் கிழிச்சேன்? தொடலன்னு பண்ண சத்தியம் கெடக் கூடாதுன்னு அந்தப் புள்ள கையால ஊத்த வெச்சேன். இன்னிக்கி உன்னையே சாவடிச்சுட்டேன். என்னால என்னை நிறுத்த முடியல. நீயும் அந்தப் புள்ளையும் எத்தினி நாளிக்கி நிறுத்துவீங்க?” என்றவர், கீழ்க்கட்டளை ஏரி வந்ததும் இன்னொன்று சொன்னார். “கொஞ்சம் சிரிக்கிறாப்புல வரையச் சொல்லு. உம்முன்னு இருந்தா ஜனங்களுக்குப் புடிக்காது.”

கட்-அவுட் வரைந்த ஏசுபாதம் கடப்பேரியில் இருந்தார். வசனம் பேசுகிற ஆள் என்பதால் முதலில் வாயைத் திறந்தே வரைந்தது அவர்தான். தபீதாளிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டு, சித்திரை முதல் ஞாயிறு காலையில் சாரத்தில் ஏறினார். இங்கே டாக்டர் அசரியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜெயவேலு ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார், தபீதாளின் பெயரை மூன்று முறை சொன்னார், நான்காவது முறை பாதியில் நின்றுவிட்டது. உதடுகள் தைத்த மாதிரிச் சேர்ந்துகொண்டன, ஓரத்தில் லேசான சிரிப்பு. டாக்டர் மூக்கு வழியாகக் குழாயைப் போட்டார். முதல் கஞ்சியைத் தபீதாள் ஊற்றினாள்.

அதற்கு இப்போது ஆறு வருஷம் ஆகிறது. ஈரல் தேறிவிட்டது. ஊமையாக இரண்டு படம் நடித்தார், ஒன்று ஐம்பது நாள் ஓடியது. கீழ்க்கட்டளையில் காலையில் நொண்டிக்கொண்டு நடந்து போவார், நாம் வணக்கம் சொன்னால் தலையசைப்பார், சிரித்தபடியே இருப்பார். சிட்டிபாபு காய்கறிக்கடை வைத்துவிட்டார், எந்நேரமும் காவல் நிற்க முடிவதில்லை. கம்பியைத் தாண்டி எவனாவது இன்னமும் ஏறி ஊற்றத்தான் செய்கிறான். ஊற்றுவது உள்ளே போவதில்லை, மூடிய உதட்டில் பட்டு வழிகிறது. அந்நேரம் இங்கே ஜெயவேலுவின் மோவாய் நனையும், வாடை மூக்கில் ஏறும், கண்ணில் தண்ணீர் நிற்காமல் வரும், சிரிப்பு மட்டும் மாறாது. உள்ளேயிருந்து நாக்கு உதட்டை முட்டி முட்டித் தள்ளுவது வெளியே தெரியும். அது அடங்குகிறவரை தபீதாள் அவர் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடங்கியதும் மோவாயைத் துடைத்துவிட்டு, துண்டை அலசிக் கொடியில் போடுவாள்.